இடுப்பு முப்பத்தாறு

பிப்ரவரி 3

அக்கா,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். போன வாரம் நீ வைத்தாய், அதற்கு முந்தின வாரம் நான் வைத்தேன். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் அதற்கு முன்னால் படித்துத்தான் ஆகவேண்டும். அதனால் இனிமேல் எழுதுகிறேன்.

உன் பேச்சைக் கேட்காமல் இங்கே பெரிய மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டேன். உன் ரத்தமும் என் ரத்தமும் சேருகிறது. அதைச் சொல்லத்தான் அன்று கூப்பிட்டேன். "உன் கிட்னி எனக்கு வேணாம், விட்டுடு" என்று முடித்துவிட்டாய். சரி, அந்தச் சண்டையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம். இப்போது வேறொரு வழக்கு இருக்கிறது.

நர்ஸ் என் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டு நாற்பத்திரண்டு என்று எழுதினாள். நான் சிரித்துவிட்டேன். "டேப் சுருங்கிப் போச்சும்மா, மாத்துங்க. என் இடுப்பு முப்பத்தாறு" என்றேன். அவள் வேறு டேப் எடுத்து வந்தாள். அதிலும் நாற்பத்திரண்டு. நான் விடவில்லை. "எனக்கு பேன்ட் தைக்கிறதே எங்க அக்காதான். இருபது வருஷமா தையல் கடை வெச்சிருக்காங்க. அவங்க அளவு தப்பாது" என்று சொல்லி, பேன்ட்டின் உள்பக்கத்தைத் திருப்பி, நீ தைத்து வைக்கிற சின்னத் துணித்துண்டைக் காட்டினேன். 36 என்று உன் கையால் நூலில் எழுதியிருக்கிறது. நர்ஸ் பேன்ட்டின் மேலேயே டேப்பை ஓட்டிப் பார்த்தாள். பிறகு, "உங்க அக்காவுக்கு உங்க மேல ரொம்பப் பிரியம்போல" என்றாள்.

அக்கா, நான் யார்? தராசு பழுது பார்த்து, சரிபார்த்து, முத்திரை வைக்கிறவன். பத்து கிராம் குறைத்துக் காட்டினால் கடைக்காரர் கெஞ்சக் கெஞ்சத் தராசைப் பூட்டுகிறவன். ஊரில் உள்ள பொய்யையெல்லாம் பிடித்துவிட்டு, ஒரு பொய்யை இடுப்பில் மாட்டிக்கொண்டு அலைந்திருக்கிறேன். என் வீட்டுக்காரி அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. தொண்ணூற்றெட்டு கிலோவோடு என்னை அறுவை சிகிச்சைக்குப் படுக்கவைக்க மாட்டாராம். எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால் பார்க்கலாம் என்றார். "இது உங்க அக்காவுக்காக இல்ல, உங்களுக்காக. மிச்ச காலம் முழுக்க ஒரே கிட்னி தனியா இழுக்கணும். சுமையக் கொறச்சுட்டு வாங்க."

குறைக்கப் போகிறேன், நீ வேண்டாம் என்றாலும். ஆனால் முதலில் ஒன்று சொல். எத்தனை வருஷமாக இந்த முப்பத்தாறு?

தம்பி


பிப்ரவரி 11

உருண்டைக்கு,

இதை டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது கையில் இரண்டு ஊசி. நாலு மணி நேரம் அதை அசைக்கக் கூடாது. காகிதத்தைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் எழுத்து வழுக்கிக்கொண்டு போகிறது. தையல் கோணினால் பிரித்துத் தைக்கலாம், இதை என்ன செய்ய? அப்படியே படி.

ஆமாம், நான்தான். உனக்குக் கல்யாணம் ஆன மறு வருஷம் அளவெடுக்க வந்தாய். முப்பத்தாறு, முப்பத்தேழரை ஆகியிருந்தது. வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாய். மறுநாளும் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டி ஏறினாய். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த முறையிலிருந்து டேப்பை உன் கண்ணில் காட்டுவதை விட்டுவிட்டேன். வருஷா வருஷம் துணியைத் தாராளமாக விட்டேன், எண்ணில் மட்டும் கை வைக்கவில்லை. கடைக்கு வருகிற பாதிப் பேருக்கு நான் செய்கிற வேலைதான் இது. அவர்களும் சந்தோஷமாகப் போகிறார்கள், நீயும் சந்தோஷமாகத்தான் போட்டுக்கொண்டாய்.

கிட்னி விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தானுடைய ரத்தம் எனக்குச் சேராது என்று தெரிந்த அன்று, அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். இப்போது நீ வந்து நிற்கிறாய். உன்னை எனக்குத் தெரியாதா? நீ வாங்கின உடற்பயிற்சி சைக்கிளில் உன் வீட்டுக்காரி ஈரத்துணி காயப்போடுகிறாள். ஸ்கிப்பிங் கயிறு பரண் மேல் பழைய பெட்டியைக் கட்டப் போய்விட்டது. நடப்பதற்கென்று வாங்கின ஷூவின் அடியில் இன்னும் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது.

நீ குறைப்பாய் என்று நம்பி, நான் இங்கே உட்கார்ந்து ஆசையை வளர்த்து, நீ பாதியில் விட்டால் என் கதி என்ன? நோய்கூட எனக்குப் பழகிவிட்டது. ஏமாறுவதற்குத்தான் தெம்பு இல்லை. அதனால்தான் வேண்டாம் என்றேன். உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

அக்கா


பிப்ரவரி 20

அக்கா,

பாதியில் விடுகிறவனா நான்? கேட்டுக்கொள். அதற்குள் நாலு கிலோ இறங்கிவிட்டது. எங்கள் பட்டறைத் தராசில், நானே முத்திரை வைத்த தராசில் பார்த்தது. வாயைக் கட்டிவிட்டேன். காலையில் ஒன்றும் கிடையாது, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு கிண்ணம் சூப். பட்டறையில் மற்றவர்கள் டீயில் பிஸ்கட்டை முக்கும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறேன். இந்த வேகத்தில் போனால் ஏப்ரலில் என்னைக் கதவிடுக்கு வழியாகவே உள்ளே விடலாம்.

இத்துடன் ஒரு பொட்டலம் வரும். இருநூறு கிராம் பித்தளை எடைக்கல். காகிதத்தின் மேல் வைத்துக்கொள், எழுத்து வழுக்காது.

ஒல்லித் தம்பி


மார்ச் 2

ஒல்லித் தம்பியாம். உன் வீட்டுக்காரி போன் பண்ணினாள்.

லாரி எடைமேடையில் வேலை பார்க்கும்போது மயங்கி விழுந்தாயாமே. நெற்றியில் தையல் போட்டிருக்கிறதாமே. என்னிடம் சொல்லக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாய். அவள் அழுதுகொண்டே, "அண்ணி, நீங்க சொன்னாத்தான் கேப்பாரு" என்றாள். இப்போது நான் சொல்கிறேன். உன்னைப் பட்டினி போட்டுச் சாகடித்து அதில் ஒரு கிட்னி வாங்கிக்கொண்டு நான் எந்த முகத்தோடு உயிர் வாழ்வது? ஒரு வேளை சாப்பாட்டை இனித் தவறவிட்டாய் என்று கேள்விப்பட்டால், அந்த மருத்துவமனைக்கு நானே எழுதிப் போட்டுவிடுவேன், இவன் தருவதை நான் வாங்கமாட்டேன் என்று.

இரண்டு நாள் கழித்து இதைத் தொடர்கிறேன். கோபம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

உனக்கு ஒன்று தெரியுமா? இங்கே என்னையும் ஒவ்வொரு முறையும் எடை போடுகிறார்கள், நாற்காலியில் உட்காரும் முன்னும், எழுந்த பின்னும். குடிக்கிற தண்ணீரெல்லாம் உடம்பிலேயே தங்குவதால் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறி வரக் கூடாது. ஒரு நாளைக்கு மூன்று சின்ன டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான் எனக்கு. டீயும் அதற்குள்ளேதான். வெயில் நாளில் ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு தைப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை குளிக்கும்போது குழாயில் வாய் வைத்துக் குடித்துவிட்டேன், அத்தானுக்குத் தெரியாமல், வயிறு முட்ட. மறுநாள் நாலு கிலோ ஏறி, மூச்சு வாங்கி, நர்ஸிடம் திட்டு வாங்கினேன். ஆக நீ பசியை மறைக்கிறாய், நான் தாகத்தை மறைக்கிறேன். நல்ல குடும்பம்.

இனி இப்படி வேண்டாம். நீ தின்றதை நீ எழுது, நான் குடித்ததை நான் எழுதுகிறேன். திருட்டுத்தனமாகத் தின்றாலும் எழுது.

பொட்டலத்தில் ஒரு பேன்ட் வைத்திருக்கிறேன். சத்தியமாக முப்பத்தாறு. நம்பிக்கை இல்லை என்றால் அளந்து பார்த்துக்கொள். தராசை விட்டுவிடு, அது உன்னைப் பைத்தியமாக்குகிறது. பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று மட்டும் எழுது. எடைக்கல் நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதம் வழுக்கவில்லை பார்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

இடைவெளியைப் பற்றிப் பிறகு பேசலாம். பேன்ட் தொடையைத் தாண்டவில்லை. கட்டிலில் படுத்து, கால்களைத் தூக்கி, என் வீட்டுக்காரி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இழுத்தோம். கடைசியில் அவள் கட்டிலை விட்டுக் கீழே விழுந்தாள்.

விழுந்த கதையை நானே சொல்கிறேன். எடைமேடையில் இருபது கிலோ எடைக்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் வானம்தான் தெரிந்தது. அது லாரிக்கான மேடை, பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். கற்களை இறக்கிவிட்டு என்னைத் தூக்க ஆள் வரும்வரை, மேலே பெரிய பலகையில், பையிலிருந்த கருவிகளோடு சேர்த்து என் எடை நூறு என்று எரிந்துகொண்டிருந்ததாம். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான் கண் திறக்காமலேயே, "நூறு இல்ல, தொண்ணூத்தி நாலு" என்று சொன்னேனாம். இப்போது பட்டறையில் என் பெயரே தொண்ணூத்தி நாலு.

இப்போது ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். காலையில் முட்டையும் ரொட்டியும், மத்தியானம் பாதித் தட்டுச் சோறு, மீதி காய்கறி. சாயங்காலம் நடக்கிறேன். நீ கேலி செய்த அதே ஷூதான், விலைச்சீட்டைக் கிழித்துவிட்டேன். வீட்டுக்காரியும் கூட வருகிறாள். பல வருஷமாக நாங்கள் டிவியைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தோம், இப்போது ஒருவரையொருவர் பார்த்துப் பேசுகிறோம். அது சுகமாகத்தான் இருக்கிறது.

திருட்டுக் கணக்கு: பட்டறையில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். கேக் வெட்டினார்கள். ஒரு துண்டு எல்லோர் முன்னாலும் வேண்டாம் என்றேன், கை தட்டினார்கள். எல்லோரும் போனபின் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றபடியே மூன்று துண்டு தின்றேன். மூன்றாவது துண்டில் ருசியே தெரியவில்லை. ஏன் தின்றேன் என்றும் தெரியவில்லை.

நீ குழாயில் குடித்ததைப் படித்தபோது என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அப்படியே மூடி வைத்துவிட்டேன். வெகுநேரம் குடிக்க மனசு வரவில்லை.

தொண்ணூத்தி நாலு


ஏப்ரல் 29

தொண்ணூத்தி நாலுக்கு,

நடுவில் நீ அனுப்பின துண்டுக் கடிதங்கள் எல்லாம் வந்தன. தொடை தாண்டியது, ஒரு சாண் இடைவெளி, முக்கால் சாண், பிறகு மூன்று வாரமாக அதே முக்கால் சாண். "உடம்பு என்னோட பந்தயம் கட்டுது" என்று புலம்பியிருந்தாய். புலம்பாதே. துணியில்கூட ஒரு பக்கம் சுருக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் படிவதற்கு நேரம் ஆகும். கையை மட்டும் எடுக்காமல் இரு.

என் கணக்கு: இந்த மாதம் ஒரே ஒரு நாள் ஒரு டம்ளர் அதிகம். அத்தான் பார்க்க, அவரிடம் சொல்லிவிட்டுக் குடித்தேன்.

உன் கடிதத்தை இங்கே நான் மட்டும் படிப்பதில்லை. பக்கத்து நாற்காலியில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் உட்காருவார். இந்தக் காலத்தில் கடிதமா என்று முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டார். அதிலிருந்து வந்து உட்கார்ந்ததும் அவருடைய முதல் கேள்வி, "பட்டன் எங்க நிக்குது?" நர்ஸுகளும் கேட்கிறார்கள். உன் இடுப்பு இந்த அறை முழுக்கப் பிரபலம்.

போன வியாழக்கிழமை அவர் நாற்காலி காலியாக இருந்தது. இங்கே நாற்காலி காலியானால் யாரும் காரணம் கேட்க மாட்டோம். தலையைக் குனிந்துகொள்வோம். ஊசி போட வந்த நர்ஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ அக்கா, அவருக்குக் கிட்னி கெடச்சிருச்சு. விடியக்காலைல கூப்புட்டாங்க, ஓடிட்டாரு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன். சந்தோஷத்தில்தான், ஆனால் பொறாமையும் இருந்தது.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், சொல்லிவிடுகிறேன். எனக்கும் வேண்டும், தம்பி. அன்றிலிருந்து ஆசை வந்துவிட்டது. இனிமேல் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

அக்கா


ஜூன் 9

அக்கா,

முதலில் நல்ல செய்தி. போன ஞாயிற்றுக்கிழமை பட்டன் காஜாவுக்குள் போனது. படுத்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டுதான், ஆனாலும் போனது. வீட்டுக்காரி விசில் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இனி வருவதை உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனோம். அங்கே முள் தராசு. ஏறுவதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தேன். ஆள் ஏறாமலேயே முள் பூஜ்யத்துக்குக் கீழே நின்றது. பேசாமல் ஏறினேன். எண்பத்து நாலரை. நர்ஸ் கை கொடுத்தாள். டாக்டர் எட்டிப் பார்த்து, "பிரமாதம், தேதி பாக்கலாம்" என்றார். அன்று காலையில்தான் பட்டறையில் ஏறிப் பார்த்திருந்தேன். எண்பத்தாறு.

வாசல்வரை வந்துவிட்டேன். என் காதில் உன் குரல்தான், எனக்கும் வேண்டும் என்று. ஒன்றரை கிலோ, யாருக்குத் தெரியப் போகிறது? அப்போது வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி பயமில்லல்ல? டாக்டரே சொல்லிட்டாரு" என்றாள். அங்கேயே நின்றுவிட்டேன். அந்த எண்ணை எனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள், எனக்காக என்றால் அவளுக்காக. உன் துணித்துண்டை நம்பி இத்தனை வருஷம் ஓட்டியவன் நான். இன்னொரு பொய் அளவை நம்பி அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை.

திரும்பிப் போய்ச் சொன்னேன். நர்ஸ் திருகைத் திருப்பி முள்ளைச் சரிசெய்து மறுபடி ஏற்றினாள். எண்பத்தாறு. டாக்டர் சீட்டில் எழுதியிருந்த எண்ணை அடித்து மாற்றினார். பிறகு, "ரத்த அழுத்தமும் இன்னும் கொஞ்சம் எறங்கட்டும். அடுத்த மாசம் வாங்க" என்றார்.

உன்னுடைய ஒரு மாதத்தை என் வாயால் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

தம்பி


ஜூன் 18

தம்பி,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். முதலாவதில் இருந்த வார்த்தைகளை நீ படிக்காமல் இருப்பதே நல்லது. பாவி, வாயை மூடிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்றுதான் ஆரம்பித்தேன். இந்த நாற்காலியில் ஒரு மாதம் என்றால் என்னவென்று அந்த டாக்டருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. எல்லாக் கோபத்தையும் எடைக்கல்லின் மேல் காட்டி அதைத் தரையில் போட்டேன். அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தரையில்தான் ஓடு உடைந்தது.

அத்தான் உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். ராத்திரி சாப்பிடும்போது, "அவன் சொல்லாம விட்டிருந்தா, நாளைக்கு அவனுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட நீ தூங்குவியா?" என்று கேட்டார். தூங்க மாட்டேன். அந்த ஒன்றரை கிலோப் பொய்யையும் உன் கிட்னியோடு சேர்த்து எனக்குள் வைத்துத் தைத்திருப்பார்கள். நான் உனக்கு முப்பத்தாறு என்று தைத்தது உன் முகம் வாடக் கூடாது என்றுதான். நீ என் முகம் வாடினாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறாய். உனக்கு எப்போது இந்தத் தைரியம் வந்தது?

ஒரு மாதம்தானே, இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் பட்டினி கிடந்தால் உதை விழும். மெதுவாக நட, வயிறாரச் சாப்பிடு, உன் வீட்டுக்காரியைப் பேசவிட்டுக் கேள்.

அக்கா


ஜூலை 15

அக்கா,

நர்ஸ் என்னைப் பார்த்ததும் குனிந்து முள்ளைச் சரிபார்த்துவிட்டுத்தான் ஏறச் சொன்னாள். எண்பத்து நாலு. ரத்த அழுத்தமும் சொன்னபடி கேட்கிறது. ஆகஸ்டில் தேதி கொடுத்துவிட்டார்கள். நீயும் அத்தானும் முந்தின வாரமே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள். நானே பஸ் நிலையத்துக்கு வருவேன். அந்த முப்பத்தாறு பேன்ட்டைப் போட்டுக்கொண்டு, மூச்சு விட்டுக்கொண்டே.

தம்பி


ஆகஸ்ட் 21, ஆண்கள் வார்டு

அக்கா,

உன்னைப் பார்க்க விடமாட்டேன் என்கிறார்கள், கிருமி வருமாம். அதனால் உன் நர்ஸ் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சிரித்தால் தையல் வலிக்கிறது. என்னை யாரும் சிரிக்கவைக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரி கேட்பதாக இல்லை.

டாக்டரிடம் ஒரு சந்தேகம் கேட்டேன், எடுத்த கிட்னி எவ்வளவு எடை இருந்தது என்று. சுமார் நூற்றைம்பது கிராமாம். உன் காகிதத்தின் மேல் வைத்திருக்கிற கல்லைவிட லேசு. இதற்காகவா பதினாலு கிலோ குறைத்தேன் என்று கேட்டேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

நீ எப்படி இருக்கிறாய்? அது வேலை செய்கிறதா?

தம்பி


ஆகஸ்ட் 22, தனி அறை

தம்பி,

இரண்டு கையும் சும்மா இருக்கிறது. காகிதத்தை நானே பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஒரு அக்கா தம்பிக்கு எழுதக் கூடாத விஷயம், எழுதுகிறேன். கட்டிலில் தொங்கவிட்ட பை நிரம்பி நிரம்பி, நர்ஸ் மாற்றிக்கொண்டே இருக்கிறாள். அத்தான் கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தப் பையைத்தான் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை.

காலையில் நர்ஸ் ஒரு பெரிய ஜாடி நிறையத் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். நான் பழக்கத்தில் சின்ன டம்ளரைத் தேடினேன். "அதெல்லாம் வேணாம்க்கா, நல்லாக் குடிங்க, எவ்வளவு முடியுமோ குடிங்க" என்றாள். இரண்டு கையாலும் ஜாடியைத் தூக்கிக் குடித்தேன். கழுத்தெல்லாம் வழிந்தது. யாரும் திட்டவில்லை.

இன்னும் குடிக்கச் சொல்கிறாள். எழுதுவதை நிறுத்துகிறேன், ஜாடியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும்.

அக்கா